மெஷின் தானாக நின்றது என்று நான் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். காய்ச்சல் விட்டது, பெண்ணுக்கு வரன் அமைந்தது, ரயிலில் விட்ட பை திரும்பக் கிடைத்தது, எல்லாமே சாட்சிதான். ஒவ்வொரு வரிக்கும் உட்கார்ந்திருப்பவர்கள் "ஸ்தோத்திரம்" சொல்வார்கள். நான் அதில் கெட்டிக்காரி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்மேல் நானே எழுதும் குற்றப்பத்திரிகையின் முதல் வரி இது. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்தி முக்காட்டைச் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பொன்னேரியில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன சபையில் என்னைப்போல் சாட்சி சொல்ல ஆளில்லை என்று பாஸ்டரம்மாவே சொல்லியிருக்கிறார்.

சாட்சிக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. "எந்த மனுஷ ஒத்தாசையும் இல்லாமல்" என்பது அதில் ஒரு வரி. அதைச் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் விட்டிருந்தாலும் அந்த வரியைச் சேர்த்துக்கொள்வோம். பொய் என்று நினைத்து யாரும் சொல்வதில்லை. வாய்ப் பழக்கம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெயின்ட் வாளிக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். உருகிய பிளாஸ்டிக்கை இரண்டு பெரிய இரும்பு அச்சுகள் வந்து சேர்ந்து அமுக்கும், பிரியும், மூடி கீழே விழும். விழாமல் ஒட்டிக்கொண்டால் மெஷின் கதவைத் திறந்து கையால் எடுக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் அச்சு நகராது. அதற்கென்று கதவில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடி மறுபடி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் அந்தச் சுவிட்சை அழுத்தி மேலே டேப் ஒட்டிவிடுவோம். கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிக்கொள்ளும். இது எல்லாருக்கும் தெரியும், கேட்டால் யாருக்கும் தெரியாது. மாட்டிக்கொண்டால் ஒட்டியவள் தலையில் விடியும்.

எனக்கு அடுத்த மெஷினில் ஓர் அக்கா. பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். நான் பர்மனென்ட், நீலக் கோட். அவள் கான்ட்ராக்ட், காக்கிக் கோட். ஆடி பிறந்துவிட்டால் அம்மனுக்குக் காப்பு கட்டிக்கொண்டு, மஞ்சள் புடவைக்கு மேல் அந்தக் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவாள். நெற்றி நிறையக் குங்குமம். அவளுடைய இரட்சிப்புக்காக நான் ஆறு வருடம் விடாமல் ஜெபித்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரித்திருப்பாள், கோபித்திருக்க மாட்டாள்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஷிப்ட். மூடி ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. மெஷினை நிறுத்தாமல், பிரிந்து நிற்கும் நேரத்துக்குள் கையை விட்டு நெம்பினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். எண்ணெய் வழுக்கி முழங்கை வரைக்கும் கை போய்விட்டது. அச்சு கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பதினோரு வருடமாகக் கேட்கிறேன், ஆனால் உள்ளே கை இருக்கும்போது கேட்டதில்லை. எனக்கு இயேசுவே என்றுகூட வாயில் வரவில்லை. அக்கா தன் மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்து என் மெஷினின் சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்தாள். அச்சு நின்றது. இடையில் நாலு விரல் இடம் இருந்தது. அதில் என் கை இருந்தது.

அக்கா என் தோளைப் பிடித்து இழுத்துப் பின்னால் உட்காரவைத்தாள். "ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல, விரல மடக்கு, நீட்டு, எண்ணு" என்றாள். ஐந்து விரலையும் எண்ணினேன். ஷிப்ட் இன்சார்ஜ் ஓடி வருவது தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், எழுந்து போய் அந்த டேப்பைக் கிழித்துக் கோட் பையில் போட்டுக்கொண்டது. அதற்கு மட்டும் விரல்கள் நடுங்கவில்லை.

"மூடி மாட்டிகிச்சு சார், வேற ஒண்ணுமில்ல" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தவள்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் மெமோ வாங்கக் கூடாதென்று எனக்காக மூடிக்கொண்டாள்.

அவசர பட்டனை அழுத்தினால் மெஷின் அப்படியே அணைந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் இறுகிவிட்டது. அதைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட மதியம் ஆகிவிட்டது. அக்கா விட்டு வந்த மெஷினிலும் மூடி குவிந்து அடைத்துக்கொண்டது. இரண்டு மெஷின் அரை ஷிப்ட் நின்றது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் பழைய ராகம் பிடித்துக்கொண்டது. காப்பு கட்டிய கை என்னைக் காப்பாற்றியது என்று அந்தக் கூரையின் கீழே சொன்னால் எத்தனை புருவம் ஏறும் என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. டேப்பைப் பற்றிச் சொல்லவும் வாய் வரவில்லை, கை உள்ளே போனதைச் சொன்னால் டேப்பைச் சொல்ல வேண்டும். ஆகவே இப்படிச் சொன்னேன்: "என் கை உள்ளே போறதுக்கு ஒரு நொடி முன்னாடி, எந்த மனுஷ ஒத்தாசையும் இல்லாம, கர்த்தர் அந்த மெஷின நிறுத்தினார். அது தானா நின்னுச்சு." ஸ்தோத்திரம் கூரையைத் தூக்கியது. நான் அழுதேன். அந்த அழுகை நிஜம். அதுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது, பொய் சொல்லிக்கொண்டே நிஜமாக அழ முடிகிறது.

சபையில் ஒரு தம்பி சாட்சிகளைச் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். அன்று சாயங்காலத்துக்குள் என் அண்ணி, கவரைப்பேட்டையில் இருக்கும் சித்தி, கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நான்கூட மூன்று தடவை பார்த்தேன். முக்காடு நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். சார் உட்கார்ந்திருந்தார், இன்சார்ஜ் பக்கத்தில் நின்றார். கேமராவில் பார்த்தோம், அந்தம்மா ஓடி வந்து பட்டனை அடிக்கிறது தெரிகிறது, உங்கள் முதுகுதான் தெரிகிறது, கை எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்றார்கள். ஆபத்து இருந்து அழுத்தினால் தப்பில்லை, ஒன்றுமே இல்லாமல் தன் மெஷினையும் விட்டுவிட்டு வந்து அடுத்த மெஷினை நிறுத்தினால் ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எச்.ஆர். சார் தன் செல்போனை என் பக்கம் திருப்பினார். அதில் நான் முக்காடு போட்டு நின்றேன். எப்படியோ நாலு கை மாறி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"நீங்களே சொல்றீங்க. கை உள்ள போகல, மெஷின் தானா நின்னுச்சு. அப்ப அந்தம்மா எதுக்கு அழுத்தணும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். சாமி விஷயத்தில் நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்பது அவர் நினைப்பு. உண்மையைச் சொன்னால் டேப் வெளியே வரும், பர்மனென்ட் வேலைக்கு உலை. சபையில் சொன்னதும் பொய்யாகிவிடும். தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். சோறு வடிக்கும்போது ஜெபம் வரும், பாதியில் நின்றுவிடும். "ஆண்டவரே" என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை அந்த வீடியோவில் பேசிய குரலிலேயே வந்தது, அதே ஏற்ற இறக்கத்தோடு. என் ஜெபமே எனக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்காரர், "இன்னா நீ, ஊட்லயே பத்து தபா நடக்கிற, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த வாரத்தில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். செக்யூரிட்டி அவளுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு உள்ளே விடவில்லை. வேனில் வந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். நானும் அப்படியே போயிருப்பேன், அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்து, திருப்பிப் பார்த்தாள்.

"கை நல்லா கீதா? வீக்கம் எதுவும் இல்லியே?"

"இல்லக்கா."

"என்ன வாணாம்னு சொல்லிட்டாங்கபா. இன்னாவோ வீடியோன்றாங்க, எனக்குக் காட்டல. நீ உள்ள போய் ஒரு வார்த்த சொல்லு. கை உள்ள இருந்துச்சுன்னு சொல்லு, போதும். டேப் மேட்டர் நீ சொல்லாத. அத நான் பாத்துக்கறேன், நான் சொல்ல மாட்டேன்."

இப்படிச் சொன்னாள். வேலை போன அந்த நிமிடத்திலும் என் டேப்பை மறைக்கத்தான் அவளுக்குத் தோன்றியது. நான் "பாக்கறேன்கா" என்றேன். பார்க்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் அவள் நம்பிக்கையோடுதான் தலையை ஆட்டினாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. நாற்பது தாண்டிய பெண்ணை எந்தக் கம்பெனி வாசலிலும் கூப்பிட்டு எடுக்க மாட்டார்கள். அவள் வீட்டுக்காரர் இடுப்பு பிடித்துப் படுத்து இரண்டு வருடமாகிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தே நான் உள்ளே போய் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு மூடி எடுத்தேன். பக்கத்து மெஷினில் புதிதாக ஒரு பெண் நின்றாள்.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். அப்பத் தட்டு வரிசையாக வந்தது. தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்து எடுங்கள் என்று பாஸ்டர் ஐயா எப்போதும் சொல்வதுதான். எப்போதும் ஒரு நொடி கண்ணை மூடிவிட்டு எடுத்துக்கொள்கிறவள் நான். அன்று தட்டு மடிக்கு எதிரே வந்தபோது என் கை எழவில்லை. நசுங்காமல் பிழைத்த கை மடியிலேயே கிடந்தது. பக்கத்திலிருந்தவரிடம் தட்டைத் தள்ளிவிட்டேன். இரண்டு வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து பாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், "இன்னாமா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி இன்னொரு பொய்யைக் கூட்டிக்கொண்டேன்.

அந்த மதியம் வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். அலங்காரமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஆண்டவரே, நீர் அவளை அனுப்பினீர், நான் அவளைத் துடைத்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நன்மை செய்தவருக்கு மகிமை கொடுப்பதாகத்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் யார் கையில் கொடுத்து அனுப்பினாரோ அந்த ஆளை ஒவ்வொரு தடவையும் கழித்துக்கட்டிவிட்டுத்தான் மகிமை கொடுத்திருக்கிறேன். மாத்திரை கொடுத்த டாக்டர், பையை எடுத்துவைத்த ரயில்வே போலீஸ்காரர், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போவதற்கு முன்பே ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். எச்.ஆர். சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என் கை உள்ள இருந்துச்சு சார். டேப் ஒட்டினது நான். அந்தக்கா அழுத்தலன்னா இந்தக் கை இல்ல."

"அப்ப வீடியோவுல பேசினது?"

"பொய் சார்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் என்ன பாடு பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. டேப்பைச் சொன்னபோதுகூட அவ்வளவு கூசவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இதெல்லாம் மேல போகும்மா. எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அது மேலே போய் வர ஒரு வாரமானது. பிறகு எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன் வந்தது, மெஷினிலிருந்து எடுத்து மூடியின் பிசிறு வெட்டும் மேசையில் போட்டார்கள். வேலை போகவில்லை. அக்காவை மறுபடி கூப்பிடுவது பற்றி கான்ட்ராக்டரிடம் பேசுகிறோம் என்றார்கள். பேசுகிறார்களா என்று தினமும் போன் போட்டுக் கேட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, நான் அவ்வளவு துணிச்சல்காரி இல்லை.

அந்த ஒரு வாரமும் வீட்டில்தான் இருந்தேன். அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. வேலை திரும்பக் கிடைத்தது என்று உறுதியாகட்டும், நல்ல செய்தியோடு போகலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் மறுபடி எழுந்தேன். வீடியோ எடுக்கும் தம்பியிடம், "இதையும் எடுத்துப் போடுப்பா" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மெஷின் தானாக நிற்கவில்லை என்று சொன்னேன். சுவிட்சில் டேப் ஒட்டியது, கை உள்ளே போனது, ஓடி வந்த அக்கா, அவள் கையில் கட்டியிருந்த காப்பு, எல்லாம் சொன்னேன். நான் சொன்ன சாட்சியால் அவளுக்கு வேலை போனதையும் சொன்னேன். ஒரு வரிக்கும் ஸ்தோத்திரம் வரவில்லை. சொல்லி முடித்து நின்றுகொண்டே இருந்தேன், உட்காரத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பாஸ்டர் ஐயா, "ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா, உக்காரு" என்றார். அப்போதுதான் எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டரம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

புதன்கிழமை அக்கா வேனிலிருந்து இறங்கினாள். அதே காக்கிக் கோட், அதே மெஷின். நான் பிசிறு வெட்டும் மேசையிலிருந்து கையைத் தூக்கி ஆட்டினேன். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய் மெஷினில் நின்றாள். மதியம் கேன்டீனில் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தேன். அவள் வேறு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். டப்பா கழுவும் குழாய்க்கு அவள் போனபோது நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, என்ன மன்னிச்சிடுக்கா."

அவள் டப்பாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தியாமே."

"குடுத்தேன்கா."

"உன் கோயில்லயும் எழுந்து நின்னு சொன்னியாமே. வேன்ல வர்ற பொண்ணு காட்டுச்சு. முன்ன சொன்னது, அப்பால சொன்னது, ரெண்டும் பாத்தேன்."

நான் என் டப்பாவைக் குழாயடியில் வைத்தேன்.

"உன் சாமியாண்ட சொன்னியா?"

"அவராண்டதான்கா மொதல்ல சொன்னேன்."

அவள் குழாயை மூடினாள். டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பத்தொம்போது நாளு ஊட்ல குந்திக்கினு இருந்தேன்பா. தெருமொனைல பஸ்சு நிக்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பாத்தேன், நீ வருவேன்னு. சாமியாண்ட சொல்லிக்கின, ஆபீஸ்ல சொல்லிக்கின, ஊரக் கூட்டிச் சொல்லிக்கின. என்னாண்ட கடைசியா வந்து நிக்கிற."

டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் மெஷினுக்குப் போய்விட்டாள். பொன்னேரியிலிருந்து பெரியபாளையத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் சஸ்பென்ஷனில் வீட்டில் சும்மா இருந்த ஏழு நாளும் அந்த பஸ் எங்கள் தெரு வழியாகத்தான் போனது.